குறைப்பது வேறு, கொடுக்காமல் இருப்பது வேறு

பிப்ரவரி முதல் தேதி பட்ஜெட் வாசிக்கிற அன்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை நிச்சயம். பாதுகாப்புக்கு இத்தனை லட்சம் கோடி என்று டிவியில் எழுத்து ஓட ஆரம்பித்ததுமே நான் ஏதாவது சொல்லிவிடுவேன். ஆயுதத்துக்குக் கொட்டுகிற பணத்தில் பாதியையாவது அரசுப் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் திருப்பிவிட வேண்டும் என்பது கல்லூரிக் காலத்திலிருந்தே என் கட்சி. இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் இதே பேச்சு வந்தபோது பெரியப்பா ஒன்று சொன்னார். "குறைக்கிறது வேறம்மா, குடுக்காம இருக்கிறது வேற. நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டுப் பேசுற." அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை, பாயசம் வந்துவிட்டது. எனக்குத்தான் அந்த வாக்கியம் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை விடாமல் துரத்திப் படித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

பெரியப்பா பெங்களூரில் ஒரு பாதுகாப்புத் துறை லேபில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், இப்போது ஓசூரில் இருக்கிறார். விஞ்ஞானி இல்லை, லேத் ஓட்டியவர். அவருடைய சொந்த மைக்ரோமீட்டரை இன்னும் ஃபிளானல் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, பீரோவில் சேலைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் தொடக்கூடாது. ஒரு எஃகுத் துண்டைக் கையில் கொடுத்தால் முதலில் கட்டைவிரலால் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார், அப்புறம்தான் கண்ணாடியைத் தேடுவார். வரைபடத்தில் இல்லாத எத்தனையோ விஷயம் அந்த விரலில் இருக்கிறது, எந்த உலோகம் சூடேறினால் எவ்வளவு இழுக்கும், எந்த இடத்தில் கடைசி வெட்டை மெதுவாக எடுக்க வேண்டும் என்பதெல்லாம். அவர் ஓய்வு பெறுவதற்கு முன்னால் அந்த இடத்துக்கு இரண்டு பையன்கள் வந்து கூடவே நின்று கற்றுக்கொண்டார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருகிற நிம்மதியை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் போதவில்லை என்றால் எந்த நாட்டிலும் முதலில் கைவைக்கத் தோன்றுவது ஆராய்ச்சியில்தான். காரணம் எளிது. 2025-26 பட்ஜெட்டில் நம் பாதுகாப்புத் துறைக்கு ரூ.6.81 லட்சம் கோடி. அதில் ஓய்வூதியம் மட்டும் ரூ.1.60 லட்சம் கோடிக்கு மேல். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வுக்கு ரூ.26,816 கோடி, அதாவது நூறு ரூபாயில் நான்கு ரூபாய்கூட முழுதாக இல்லை. ஓய்வூதியத்தைத் தொட முடியாது, வீரர்களின் சம்பளத்தைத் தொட முடியாது, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு வாங்குகிற விமானத்துக்கும் பீரங்கிக்கும் தவணை கட்டியே ஆக வேண்டும். மிச்சம் இருப்பதில் இன்றைக்கு வெட்டினால் இன்றைக்கே யாருக்கும் வலிக்காத இடம் எது? ஆராய்ச்சி. பத்து வருடம் கழித்துத்தான் அது தெரியும், அதற்குள் வெட்டியவர் வேறு பதவிக்குப் போயிருப்பார்.

ஸ்னேஷின்ஸ்க், 1996

பெரியப்பா சொன்ன வித்தியாசத்தைத் தேடப் போனால் ரஷ்யாவில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. யூரல் மலைப் பக்கம், யெகாதரீன்பர்க்குக்கும் செல்யாபின்ஸ்க்குக்கும் நடுவில், ஏரிக்கரையில் ஸ்னேஷின்ஸ்க் என்று ஒரு ஊர். சோவியத் காலத்தில் அது வரைபடத்திலேயே கிடையாது, செல்யாபின்ஸ்க்-70 என்று ஒரு அஞ்சல் பெயர் மட்டும். சரோவ் என்ற இன்னொரு மூடிய ஊரில் ஏற்கெனவே இருந்த அணு ஆயுத வடிவமைப்பு மையத்துக்குப் போட்டியாக இருக்கட்டும் என்று 1955-ல் தொடங்கிய இரண்டாவது மையம். ஊரைச் சுற்றி வேலி, உள்ளே போகவும் வெளியே வரவும் அனுமதிச் சீட்டு. அதற்கு ஈடாக மற்ற ஊர்க் கடைகளில் கிடைக்காத இறைச்சியும் வெண்ணெயும் அங்கே கிடைத்தன. நல்ல பள்ளிக்கூடம், நல்ல வீடு, பிள்ளைகளுக்கு நீச்சல்குளம். அரசாங்கம் கடைசி வரை பார்த்துக்கொள்ளும் என்ற ஒரே நம்பிக்கையில் ஒரு தலைமுறை முழுக்க அந்த வேலிக்குள் குடிவந்தது.

1991 டிசம்பரில் அந்த அரசாங்கமே இல்லாமல் போனது. 1992-ல் மட்டும் ரஷ்யாவில் விலைவாசி ஏறக்குறைய 26 மடங்கு ஏறியது. சம்பளம் அதோடு ஓடவில்லை, அப்புறம் அந்தச் சம்பளமும் மாதக்கணக்கில் தாமதமாக வர ஆரம்பித்தது. அணு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் உருளைக்கிழங்கு பயிரிட்டுச் சாப்பிட்டார்கள். ரஷ்யாவில் தோட்டம் போடுவது பழைய வழக்கம்தான். ஆனால் பொழுதுபோக்குக்குப் போடுவதற்கும் குளிர்காலத்துக்குள் மூட்டை நிரப்பியாக வேண்டும் என்று போடுவதற்கும் நிறைய தூரம் இருக்கிறது.

அந்த மையத்தின் இயக்குநர் விளாதிமிர் நெச்சாய். 1988-ல் பொறுப்புக்கு வந்தவர். 1992 பிப்ரவரியில் அமெரிக்க ஆயுத ஆய்வகங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த இரண்டு ரஷ்ய இயக்குநர்களில் ஒருவர். நாற்பது வருடம் எதிராளி என்று நினைத்தவர்களோடு கைகுலுக்கி, இனி சேர்ந்து வேலை செய்யலாம் என்று பேசிவிட்டு வந்தவர். திரும்பி வந்த பின் அவருடைய நாட்கள் இயற்பியலில் கழியவில்லை, மாஸ்கோவில் பணம் கேட்டு அலைவதில்தான் கழிந்தன. ஒதுக்கிய பணம் வராது, வந்தால் பாதி வரும். வங்கியில் கடன் வாங்கிச் சம்பளம் போட்டார். அந்தக் கடனைத் திருப்பிக் கட்டவும் பணம் வரவில்லை. 1996 கோடையில் அதிபர் எல்ட்சின் மறுபடி தேர்தலில் ஜெயித்தார், தேர்தல் முடிந்தபோது கஜானா காலி. அந்த இலையுதிர் காலத்தில் ஸ்னேஷின்ஸ்க்கில் பல மாதச் சம்பளப் பாக்கி. 1996 அக்டோபர் 30 அன்று நெச்சாய் தன் அலுவலகத்திலேயே தற்கொலை செய்துகொண்டார். அவருக்கு வயது 60. சம்பளம் தர முடியாத நிலைமைதான் காரணம் என்று அப்போதைய செய்திகள் எழுதின.

இந்தச் செய்தியை முதன்முதலாகப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் செய்த வேலையை நான் ஆதரிக்க முடியாது. ஊர்களை அழிக்கிற குண்டுகளை வடிவமைத்த இடம் அது. ஆனாலும் மாதம் பிறந்தால் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு முன்னால் வெறுங்கையோடு நிற்கிற ஒரு மனிதர் எனக்குத் தெரிந்தவர் மாதிரிதான் இருந்தார். அதோடு இன்னொன்றையும் யோசித்தேன். ரஷ்ய அரசாங்கம் அந்த மையத்தை மூடுவது என்று ஒருநாளும் முடிவெடுக்கவில்லை. இரண்டு வடிவமைப்பு மையங்களில் ஒன்று போதும், இதை மூடுகிறோம், இத்தனை பேருக்கு இந்த வேலை, இத்தனை பேருக்கு இந்த ஓய்வூதியம் என்று யாராவது சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். யாரும் சொல்லவில்லை. வேலைக்கு வரச் சொல்லிக்கொண்டே, குண்டுகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டே, காசை மட்டும் அனுப்பவில்லை. பெரியப்பா பந்தியில் சொன்னது இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது.

நெச்சாய் இறந்த பிறகும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. 1998 ஆகஸ்ட்டில் ரூபிள் சரிந்தது, அடுத்த மாதமே சரோவில் அணு ஆயுத மைய ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் சம்பளம் கேட்டுப் போராட்டத்தில் இறங்கினார்கள்.

ஒரு ஃப்ரிட்ஜுக்காக

சம்பளம் வராத ஊழியர் என்ன செய்வார்? பெரும்பாலானவர்கள் எதுவும் செய்யவில்லை, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் பட்டினியை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார்கள், விற்கக் கூடாததை விற்கவில்லை. அவர்களுடைய நேர்மைதான் அந்தப் பத்து வருடம் உலகத்தைக் காப்பாற்றியது என்று நான் நம்புகிறேன். ஆனால் ஒருவர் தவறினால் போதும் என்கிற தொழில் அது.

மாஸ்கோவுக்குப் பக்கத்தில் பொடோல்ஸ்க் என்ற ஊரில் லூச் என்று ஓர் ஆராய்ச்சி-உற்பத்தி நிறுவனம். அங்கே இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த ஒரு வேதியியல் பொறியாளர், 1992-ல் சில மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக அணுகுண்டு செய்ய உதவுகிற உயர்செறிவு யுரேனியத்தில் ஒன்றரைக் கிலோவை வெளியே கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் சில பத்து கிராம்தான். அதை வீட்டுப் பால்கனியில் வைத்திருந்தார். கணக்கில் அது எப்படித் தெரியாமல் போனது என்பதைப் படித்தபோது எனக்குத் திக்கென்றது. வேலை நடக்கும்போது நூற்றுக்கு மூன்று பங்கு வரை வீணாகலாம் என்று விதி. இவர் கைதேர்ந்தவர், அவ்வளவு வீணாகவே விடமாட்டார். மிச்சம் பிடித்ததைத்தான் எடுத்தார். பதிவேட்டில் எல்லாமே சரியாக இருந்தது. யாரும் அவரைச் சந்தேகப்படவில்லை. கடைசியில் பொடோல்ஸ்க் ரயில் நிலையத்தில் பேட்டரி திருடிய பேர்வழிகளைப் போலீஸ் வளைத்தபோது, அவர்களோடு பேசிக்கொண்டு நின்ற இவரும் தற்செயலாக மாட்டிக்கொண்டார். எதற்காகச் செய்தாய் என்று கேட்டதற்கு, ஒரு புது ஃப்ரிட்ஜும் ஒரு அடுப்பும் வாங்கலாம் என்று நினைத்தேன் என்றார். வாங்குவதற்கு ஆளைக்கூட அவர் இன்னும் கண்டுபிடித்திருக்கவில்லை.

அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வராமல் இல்லை. அவர் எடுத்தது தப்புதான், பெரிய தப்பு. ஆனால் ஒரு ஃப்ரிட்ஜின் விலையையும், அந்தச் சரக்கு தப்பானவர் கையில் போயிருந்தால் உலகம் கொடுத்திருக்கக்கூடிய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, அங்கே சம்பளத்தில் 'சேமித்தவர்கள்' எதைச் சேமித்தார்கள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

மேற்கு நாடுகளுக்கு இது சீக்கிரமே புரிந்தது. அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ஜப்பான், ரஷ்யா நான்கும் சேர்ந்து 1992-ல் ஒப்பந்தம் போட்டு, 1994-ல் மாஸ்கோவில் பன்னாட்டு அறிவியல் தொழில்நுட்ப மையம் என்று ஒன்றைத் தொடங்கின. ஆயுத விஞ்ஞானிகளுக்கு ஆயுதம் சாராத ஆராய்ச்சி கொடுத்து, அதற்கான ஊதியத்தை நிறுவனத்தின் வழியாக அனுப்பாமல் நேராக அவரவர் கணக்கில் போடுவது அந்த மையத்தின் வழக்கம். நடுவில் யாரும் கைவைக்க முடியாது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதன் திட்டங்களில் வேலை செய்தார்கள். இதே நோக்கத்தோடு அமெரிக்க எரிசக்தித் துறை தனியாக நடத்திய இன்னொரு திட்டத்தை அவர்களுடைய தணிக்கை அலுவலகமே 1999-ல் கடிந்துகொண்டது, செலவான பணத்தில் நூற்றுக்கு 37 பங்குதான் முன்னாள் சோவியத் பக்கத்து விஞ்ஞானிகளையும் நிறுவனங்களையும் சேர்ந்திருக்கிறது என்று. மீதி பெரும்பாலும் அமெரிக்க ஆய்வகங்களிலேயே தங்கிவிட்டது. அதனால்தான் நேராகக் கணக்கில் போட்ட வழி எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

முடிவெடுத்தவர்களும் தப்பவில்லை

சரி, ஒழுங்காக முடிவெடுத்து மூடினால் போதுமா? போதாது என்பதற்குத் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. தானே செய்த அணுகுண்டுகளைத் தானே பிரித்துப்போட்ட ஒரே நாடு அது. ஆறு குண்டு முழுதாக, ஏழாவது பாதியில். அதிபர் டி கிளர்க் பதவிக்கு வந்ததும் முடிவெடுத்தார், பிரித்து முடித்தார்கள், 1993 மார்ச் 24 அன்று நாடாளுமன்றத்தில் உலகத்துக்கே சொன்னார். என் மாதிரி ஆட்களுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் அந்தக் குண்டுகளைச் செய்து, பிரித்தும் கொடுத்த ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். 1994-ல் அவர்களில் சிலர், எங்களுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கொடுக்காவிட்டால் தெரிந்த ரகசியங்களை வெளியே சொல்வோம் என்று கிளம்பினார்கள், விஷயம் நீதிமன்றம் வரை போனது. நாட்டின் மிகப் பெரிய ரகசியத்தைத் தலைக்குள் வைத்திருந்தவர்களின் செட்டில்மென்ட்டில் கணக்குப் பார்த்ததன் பலன்.

கஜகஸ்தான் கதை இன்னும் மோசம். 1949 முதல் 1989 வரை 456 அணுகுண்டுச் சோதனை நடந்த செமிபலாத்தின்ஸ்க் தளத்தை 1991 ஆகஸ்ட் 29 அன்று மூடினார்கள். மக்கள் போராடிப் பெற்ற வெற்றி அது, அந்த நாளைத்தான் ஐ.நா. இன்று அணுச் சோதனை எதிர்ப்பு நாளாக வைத்திருக்கிறது. ஆனால் ராணுவமும் விஞ்ஞானிகளும் கிளம்பிப் போனபின் அந்தத் தளத்துக்குள் இருந்த டெகலன் மலைச் சுரங்கங்களில், குண்டு செய்ய உதவுகிற புளூட்டோனியம் அப்படியே கிடந்தது. வேலையில்லாமல் நின்ற சுற்றுவட்டார ஜனங்கள் சுரங்கத்துக்குள் இருந்த செம்புக் கேபிளையும் தண்டவாள இரும்பையும் பழைய இரும்புக்குப் போடத் தோண்டினார்கள். அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் அணு ஆயுத ஆய்வகத்தின் முன்னாள் இயக்குநர் சிக்ஃப்ரீட் ஹெக்கர் 1998-ல் போய்ப் பார்த்தபோது, இயந்திரம் வைத்துத் தோண்டிய பள்ளங்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடின. அமெரிக்காவும் ரஷ்யாவும் கஜகஸ்தானும் சேர்ந்து அதையெல்லாம் கான்கிரீட் போட்டு அடைத்து முடிக்க 2012 ஆனது. 17 வருட வேலை, 15 கோடி டாலர்.

பணக்கார நாட்டில் இது நடக்காது என்றும் சொல்ல முடியாது. 2013 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் கட்சிகளுக்கிடையே உடன்பாடு வராததால் பெரும்பாலான துறைகளுக்கும் தானாகவே வெட்டு விழுந்தது. எது வேண்டும் எது வேண்டாம் என்று யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை. ஜூலையில் பாதுகாப்புத் துறையின் சிவில் ஊழியர்கள் ஏறக்குறைய ஆறரை லட்சம் பேரை வாரத்தில் ஒருநாள் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். முதலில் 22 நாள் என்றார்கள், அப்புறம் 11 என்றார்கள், கடைசியில் ஆறு நாளோடு விட்டார்கள். கிடங்கில் கணக்கு எழுதுகிறவரும் அதில் இருந்தார், ஆய்வகத்தில் பாதிச் சோதனையில் நின்றவரும் இருந்தார். ஆறு நாள் சம்பளம் போனதில் யாரும் செத்துவிடவில்லைதான். ஆனால் முப்பது வயதில் இரண்டு வேலைவாய்ப்பு கையில் இருக்கிற ஒருத்தி அந்தக் கோடையில் எதைத் தேர்ந்தெடுப்பாள் என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊருக்கு வந்தால், போர் விமானத்துக்காக நாமே செய்யப் பார்த்த காவேரி எஞ்சின் ஞாபகம் வராமல் இருக்காது. 1989-ல் ரூ.382.81 கோடி ஒதுக்கி ஆரம்பித்தது, 2008-ல் தேஜஸ் விமானத்திலிருந்து கழற்றிவிடப்பட்டது, ஆனாலும் முழுதாக நிறுத்தப்படவில்லை. எஞ்சினை உயரத்தில் வைத்துச் சோதிக்கிற வசதி நம்மிடம் இல்லாததால் ரஷ்யாவுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2025 மே மாதம் காவேரிக்கு நிதி கொடு என்று சமூக ஊடகமே அதிர்ந்தது. அதில் எழுதிய பல பேரோடு எனக்கு எதிலும் ஒத்துப்போகாது. ஆனால் ஒன்று, ஒரு வேலையை நிறுத்தவும் செய்யாமல், முடிக்கிற அளவுக்குக் கொடுக்கவும் செய்யாமல் முப்பது வருடம் இழுத்தால், இருபத்தைந்து வயதில் அதில் சேர்ந்தவருடைய உழைப்புக்காலம் முழுக்க அதிலேயே கரைந்துவிடுகிறது. அந்தக் கணக்கை எந்தத் தணிக்கை அறிக்கையிலும் நான் பார்க்கவில்லை.

பெரியப்பாவிடம் மறுபடி

இதையெல்லாம் படித்து முடித்து போன மாதம் ஓசூருக்குப் போயிருந்தேன். நான் சொன்னதை எல்லாம் கேட்டார், நெச்சாய் விஷயத்துக்கு வந்தபோது டிவியை அணைத்தார். என் முடிவையும் சொன்னேன்: ஆயுத ஆராய்ச்சியைக் குறைக்க வேண்டும் என்பதில் நான் பின்வாங்கவில்லை, ஆனால் எதை மூடுகிறோம் என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும், சில வருட அவகாசம் கொடுக்க வேண்டும், கட்டடத்துக்கும் கருவிக்கும் போகிற பணத்தை முதலில் நிறுத்தி, சம்பளத்தைக் கடைசியில்தான் தொட வேண்டும். பட்டினி போட்டதால் ஸ்னேஷின்ஸ்க் ஆயுத வேலையை விட்டுவிடவில்லை. எண்ணெய் விலை ஏறி, கஜானா நிரம்பியதும் பணம் திரும்பி வந்தது, அந்த மையம் இன்றும் அதே வேலையைத்தான் செய்கிறது. அத்தனை பேர் பட்ட கஷ்டத்தால் சமாதானத்துக்கு ஒரு லாபமும் இல்லை.

பெரியப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, நீ சொல்ற மாதிரியே எல்லாத்தையும் ஒருநாள் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாங்கன்னு வையி. அந்தக் குண்டை யாரு பிரிப்பா?" என்று கேட்டார்.

நான் அதை யோசித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து பேன்டெக்ஸ் ஆலையில்தான் அணுகுண்டுகளைக் கோர்க்கிறார்கள், அதே ஆலையில்தான் பிரிக்கவும் செய்கிறார்கள். தென்னாப்பிரிக்காவிலும் செய்தவர்கள்தான் பிரித்தார்கள். எந்தத் திருகை எந்த வரிசையில் கழற்ற வேண்டும், இருபது வருடம் பழசான வெடிமருந்து எப்படி நடந்துகொள்ளும், எந்த இடத்தில் கை நடுங்கக் கூடாது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நான் கேட்கிற ஆயுதக் குறைப்பு நிஜமாகவே நடந்தால், அன்றைக்கு அந்த ஊழியர்களின் தேவை கூடும், குறையாது. பல வருடத்துக்குக் கூடும்.

இதை அவரிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பசங்களுக்குச் சம்பளம் போயிட்டே இருக்கணும்ல?" என்றார். போய்க்கொண்டேதான் இருக்க வேண்டும், பெரியப்பா. வருகிற பிப்ரவரியில் வாட்ஸ்அப்பில் நான் போடப்போகும் செய்தியில் அந்த வரியும் இருக்கும்.